மரபணுவும் மேல்மரபியலும்: மனநோய் இடர் குறித்த தமிழ்நாட்டு ஆய்வுகள்வழி ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மனநோய் குலவழி வருவது என்னும் எண்ணம் தமிழ்ச் சமூகத்தில் ஆழ வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் திருமண மறுப்பு, நோயை மறைத்தல், சிகிச்சைத் தாமதம் ஆகியவற்றுக்கு இட்டுச்செல்கிறது. மனநோய் இடரில் மரபணுக்களுக்குப் பங்குண்டு என்பதை இன்றைய மரபியல் உறுதிப்படுத்துகிறது. ஆனால் அப்பங்கு எத்தகையது, எந்த அளவினது, எங்கு முடிவடைவது என்பன பொதுவழக்கில் தெளிவாக அறியப்படவில்லை. மனச்சிதைவு நோயை முதன்மைச் சான்றாகக் கொண்டு, தமிழ்நாட்டில் நிகழ்ந்த மரபியல் ஆய்வுகளின் முடிவுகளையும் மேல்மரபியல் தரும் விளக்கங்களையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மனச்சிதைவு, மரபணு, மேல்மரபியல், மரபுப்பேறு, பல்மரபணு இடர், உறவுமுறைத் திருமணம், மெத்திலேற்றம்.

முன்னுரை

புதுச்சேரி நகருக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் அமைந்துள்ளது காலாப்பட்டு. புதுவைப் பல்கலைக்கழகமும் ஒரு மருத்துவக் கல்லூரியும் மீனவர் குடியிருப்புகளும் அங்கு அருகருகே உள்ளன. உயிரியல் ஆய்வு நிகழும் வளாகமும் தலைமுறை தலைமுறையாகத் தம் சமூகத்துக்குள்ளேயே மணவுறவு கொள்ளும் ஊர்களும் இவ்வளவு நெருங்கியிருக்கும் இடத்தில், ‘இந்த நோய் பிள்ளைகளுக்கும் வருமா?’ என்னும் கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. பெண் பார்க்கும் பேச்சு தொடங்கும்போதே ‘அந்த வீட்டில் யாருக்காவது புத்தி பேதலித்ததுண்டா?’ என உசாவுவது கடற்கரையூர், உள்ளூர் என்ற வேறுபாடின்றித் தமிழகமெங்கும் காணப்படும் வழக்கமாகும்.

‘நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை’ என்னும் பழமொழி இக்கேள்விக்கு ஒரு விடையைத் தந்துவிடுகிறது. நூலின் தன்மை சேலையில் வெளிப்படும் என்பது உண்மையே. எனினும் ஒரே நூலிலிருந்து இருவேறு தறிகளில் இருவேறு சேலைகள் நெய்யப்படுவதும் உண்மை. நூலின் இயல்பை ஆராய்வது மரபியல் என்றால், தறியில் நிகழ்வனவற்றின் ஒரு பகுதியை ஆராய்வது மேல்மரபியல் எனலாம்.

இந்திய அளவில் இச்சிக்கலின் பரப்பு பெரிது. பெங்களூரு நிமான்ஸ் நிறுவனம் 12 மாநிலங்களில் நடத்திய 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநல அளவாய்வு, வயதுவந்தோரில் 10.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு மனநலக் கோளாற்றுடன் வாழ்வதாகக் கண்டறிந்தது. அவ்வாய்வில் தமிழ்நாடும் இடம்பெற்றது. பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் எவ்விதச் சிகிச்சையும் பெறவில்லை என்பது அதன் மற்றொரு முடிவு.

குடும்பவழிச் சான்றும் அதன் பொருளும்

மனச்சிதைவு நோய் மக்கள்தொகையில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்கு வாழ்நாளில் ஏற்படக்கூடியதாகும். அமெரிக்க உளவியலாளர் இர்விங் காட்டஸ்மேன் ஐரோப்பியக் குடும்ப ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டிய கணக்கின்படி, உடன்பிறந்தவருக்கு இந்நோய் இருப்பின் இடர் ஏறத்தாழ 9 விழுக்காடு. பெற்றோரில் ஒருவருக்கு இருப்பின் ஏறத்தாழ 13 விழுக்காடு. ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு இருப்பின் மற்றவருக்கு ஏறத்தாழ 48 விழுக்காடு. இருகரு இரட்டையருக்கு 17 விழுக்காடு. உறவு நெருங்க நெருங்க இடர் ஏறுவது மரபணுக்களின் பங்குக்குச் சான்றாகும்.

இதே எண்களை மறுபக்கத்திலிருந்தும் காணவேண்டும். நோயுற்ற தாய்க்கோ தந்தைக்கோ பிறந்த 100 பேரில் ஏறத்தாழ 87 பேருக்கு இந்நோய் வருவதில்லை. ஏறக்குறைய முழுமையாக ஒத்த மரபணுத்தொகையைப் பகிரும் ஒருகரு இரட்டையரிலும் பாதிக்கும் மேற்பட்டோர் தப்புகின்றனர். மனச்சிதைவுற்றோரில் பெரும்பாலோருக்கு நெருங்கிய உறவினர் எவருக்கும் இந்நோய் இருப்பதில்லை. ஆகவே ‘குடும்பத்தில் இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது’ என்னும் இருபுறத் துணிபும் தவறாகும்.

இங்கு ‘மரபுப்பேறு’ என்னும் சொல்லின் பொருளை வரையறுத்தல் இன்றியமையாதது. மனச்சிதைவின் மரபுப்பேறு ஏறத்தாழ 80 விழுக்காடு என இரட்டையர் ஆய்வுகள் கூறுகின்றன. ஒரு தனிமனிதரின் நோயில் 80 விழுக்காடு மரபணுவால் வந்தது என்றோ, அவர் பிள்ளைக்கு நோய் வர 80 விழுக்காடு வாய்ப்புண்டு என்றோ இதற்குப் பொருளில்லை. குறிப்பிட்ட சூழலில் வாழும் ஒரு மக்கள்தொகையில், ஆளுக்கு ஆள் காணப்படும் இடர் வேறுபாட்டில் எவ்வளவு பங்கு மரபணு வேறுபாட்டால் விளைகிறது என்பதையே அது அளக்கிறது. ஒரே வயலில் பலவகை நெல்லை விதைத்தால் விளைச்சல் வேறுபாடு பெரிதும் விதையைச் சார்ந்ததாகத் தோன்றும். அதே விதைகளைக் களர்நிலத்திலும் வண்டல்நிலத்திலும் பிரித்து விதைத்தால் நிலத்தின் பங்கு வெளிப்படும். விதை மாறவில்லை, கணக்கு மாறிவிடுகிறது.

ஒரு மரபணு அன்று, பல நூறு

மனநோய்க்குரிய ‘அந்த ஒரு மரபணு’வைத் தேடிய முயற்சிகள் நெடுங்காலம் நடந்தன. 2003இல் வெளியான ஓர் ஆய்வு, செரோட்டோனின் கடத்தி மரபணுவின் ஒரு வடிவம் வாழ்க்கை இன்னல்களுடன் சேரும்போது மனச்சோர்வைத் தூண்டும் என்றது. அது உலகெங்கும் மேற்கோளாயிற்று. 2019இல் பல இலட்சம் பேரின் தரவுகளைக் கொண்டு மறுசோதனை செய்தபோது அத்தொடர்பு நிலைபெறவில்லை. தனியொரு மரபணுவைச் சுட்டும் அறிவிப்புகளை ஏற்குமுன் பொறுமை காக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

முழு மரபணுத்தொகையையும் அலசும் இணைவு ஆய்வுகள் வேறொரு சித்திரத்தைத் தந்தன. பன்னாட்டு உளமருத்துவ மரபணுத்தொகைக் கூட்டமைப்பு 2014இல் மனச்சிதைவுடன் தொடர்புடைய 108 இடங்களை அறிவித்தது. 2022இல் 76,755 நோயுற்றோரை உள்ளடக்கிய ஆய்வில் அந்த எண்ணிக்கை 287 ஆயிற்று. ஒவ்வோர் இடமும் இடரை மிகச் சிறிதளவே கூட்டுகிறது. அவற்றுள் சி4 என்னும் நோய்த்தடுப்பு மரபணு குறிப்பிடத்தக்கது. வளரிளம்பருவத்தில் மூளையின் நரம்பு இணைப்புகள் களையெடுக்கப்படுகின்றன; சி4 மிகையாகச் செயற்படின் அக்களையெடுப்பு அளவுமீறக்கூடும் என 2016இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்நோய் பெரும்பாலும் பதின்பருவ இறுதியிலும் இருபதுகளிலும் தலைகாட்டுவதற்கு இஃது ஓர் உயிரியல் விளக்கத்தை முன்வைக்கிறது.

பேரளவில் இடர் தரும் மாற்றங்களும் உண்டு; அவை அரியவை. 22ஆம் நிறப்புரியின் ஒரு சிறு பகுதி இழக்கப்பட்டோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு மனச்சிதைவு ஏற்படுகிறது. அத்தகையோரிலும் பெரும்பான்மையினர் அந்நோயின்றி வாழ்கின்றனர் என்பதும் உடன் நினைக்கத்தக்கது.

தமிழ்நாட்டு ஆய்வுகள்

மேற்கூறிய பேராய்வுகளில் ஒரு குறை உண்டு. 2019 நிலவரப்படி உலகின் மரபணுத்தொகை இணைவு ஆய்வுகளில் பங்கேற்றோரில் ஏறத்தாழ 79 விழுக்காட்டினர் ஐரோப்பிய வழியினர். பல்லாயிரம் சிறு வேறுபாடுகளைக் கூட்டிக் கணக்கிடப்படும் ‘பல்மரபணு இடர் மதிப்பெண்’ ஐரோப்பியரிடம் ஓரளவு பொருந்தினாலும் தெற்காசியரிடம் துல்லியம் குன்றுகிறது. பிறர் அளவுக்குத் தைத்த சட்டை நமக்குப் பொருந்தாததற்கு ஒப்பானது இது. எனவே தமிழ் மக்களிடையே நேரடி ஆய்வு தேவையாயிற்று.

அத்தேவையை நிறைவு செய்ததில் சென்னை ஸ்கார்ஃப் நிறுவனத்தின் பங்கு முதன்மையானது. மருத்துவர் மா. சாரதா மேனன் 1984இல் தொடங்கிய இந்நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களுடன் இணைந்து மரபியல் ஆய்வுகளை மேற்கொண்டது. 2009இல் இக்கூட்டுக் குழு, மரபு ஒருமை மிகுந்த தமிழ்நாட்டுக் குடும்பங்களை ஆராய்ந்து, முதலாம் நிறப்புரியின் குறும்புயத்தில் ஓர் இடர்ப்பகுதியைச் சுட்டியது. அகமண வழக்கால் மரபணு வேறுபாடு குறைந்த குழுக்களில், நோயுடன் சேர்ந்து கடத்தப்படும் பகுதியை இனங்காணல் எளிதாகிறது.

அடுத்த கட்டமாக, 1,321 நோயுற்றோரையும் அவர்தம் உறவினரையும் நோயற்ற பிறரையும் சேர்த்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரிடம் இணைவு ஆய்வு நிகழ்த்தப்பெற்று 2019இல் வெளியிடப்பட்டது. எட்டாம் நிறப்புரியில் என்.ஏ.பி.ஆர்.டி.1 என்னும் மரபணுவுக்கு அண்மையில் மனச்சிதைவுடன் தொடர்புடைய இடம் ஒன்று கண்டறியப்பட்டது. நியாசின் எனப்படும் ‘பி’ வகை உயிர்ச்சத்தை உயிரணுக்களின் ஆற்றல் மாற்றத்துக்கு இன்றியமையாத துணைநொதியாக மாற்றும் பாதையில் இம்மரபணு பங்காற்றுகிறது. வரிக்குதிரை மீன்களில் இதன் செயற்பாட்டைக் குறைத்தபோது மூளை வளர்ச்சி பிறழ்ந்தது.

இம்முடிவு தென்னிந்திய மருத்துவ வரலாற்றின் மற்றொரு பக்கத்தை நினைவூட்டுகிறது. நியாசின் குறைபாட்டால் வரும் பெல்லாக்ரா நோய் தோல் புண், கழிச்சல் ஆகியவற்றுடன் மனக்குழப்பத்தையும் தருவது. தக்காணத்தில் சோளத்தையே முதன்மை உணவாகக் கொண்ட ஏழை மக்களிடம் காணப்பட்ட இந்நோயை ஐதராபாத்தில் சி. கோபாலனும் எஸ்.ஜி. ஸ்ரீகாந்தியாவும் ஆராய்ந்து 1960இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உணவும் மரபணுவும் ஒரே உயிர்வேதிப் பாதையில் சந்திக்கக்கூடும் என்பதே இவ்விரு செய்திகளையும் இணைக்கும் இழை. நியாசின் மாத்திரை மனச்சிதைவைத் தீர்க்கும் என இதனின்று முடிவு கட்டுதல் பிழை. ஆய்வு அவ்வாறு கூறவில்லை.

உறவுமுறைத் திருமணம் பற்றிய தெளிவு

மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் ஆகிய உறவுகளில் மணம் முடிக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் இன்றும் தொடர்கிறது. 2019–21ஆம் ஆண்டின் தேசியக் குடும்பநல அளவாய்வு, இங்கு நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட திருமணங்கள் இரத்த உறவுக்குள் நிகழ்ந்தவை எனக் காட்டுகிறது. தாய்மாமனை மணந்த பெண்ணின் பிள்ளைக்கு, ஒரே மூதாதையிடமிருந்து வந்த மரபணுப் படிகள் இரண்டும் ஓரிடத்தில் சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை, மாமன் மக்களிடையே அது பதினாறில் ஒன்று. இரு படிகளும் பழுதுற்றால் மட்டுமே வெளிப்படும் ஒடுங்கு நோய்கள் இதனால் கூடுகின்றன. பிறவிச் செவித்திறன் குறைபாடும் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாட்டின் சில வகைகளும் இவ்வகையின.

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு போன்ற பல்மரபணு நோய்களில் இத்தொடர்பு இவ்வளவு தெளிவாக இல்லை. எகிப்தில் நிகழ்ந்த ஆய்வுகள் உறவுமணத்துக்கும் இந்நோய்களுக்கும் தொடர்பு காட்டின. பெதூயின் அரபு மக்களிடம் நிகழ்ந்த மற்றோர் ஆய்வு அத்தொடர்பைக் காணவில்லை. எனவே உறவுக்குள் மணந்ததால்தான் பிள்ளைக்கு மனநோய் வந்தது எனப் பெற்றோர்மீது பழி சுமத்த இன்றுள்ள சான்று போதாது.

மேல்மரபியல்: எழுத்தும் புள்ளியும்

கல்லீரல் உயிரணுவிலும் நரம்பு உயிரணுவிலும் உள்ள டி.என்.ஏ. ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் ஒன்று பித்தநீர் சுரக்கிறது. மற்றொன்று மின்குறிப்பைக் கடத்துகிறது. ஏறத்தாழ 20,000 புரத மரபணுக்களில் எவை எங்கு, எப்போது பேசும், எவை வாய்மூடும் என்பதை முறைப்படுத்தும் அடையாளங்களே இவ்வேறுபாட்டுக்குக் காரணம். அவ்வடையாளங்களை ஆராயும் துறை மேல்மரபியல். இச்சொல்லின் ஆங்கில மூலத்தை 1942இல் ஆக்கியவர் பிரித்தானிய உயிரியலாளர் கான்ராட் வாடிங்டன்.

தமிழ் நெடுங்கணக்கிலிருந்தே இதற்கு ஓர் ஒப்புமை காட்டலாம். ‘க’ என்னும் எழுத்தின் மேல் புள்ளி இட்டால் அதனுள் உறையும் அகரம் ஒலிக்காது அடங்குகிறது. எழுத்தின் வடிவம் அழியவில்லை. அதன் ஒலிப்பு மட்டும் கட்டுப்படுகிறது. புள்ளியை நீக்கின் அகரம் மீண்டும் ஒலிக்கும். டி.என்.ஏ. இழையின் சைட்டோசின் என்னும் எழுத்தின்மீது மெத்தில் தொகுதி ஏறுவது பல இடங்களில் இத்தகைய புள்ளியாகவே செயற்படுகிறது. மரபணுவின் தொடக்கப் பகுதியில் அது மிகும்போது அம்மரபணு பெரும்பாலும் அடங்குகிறது. இதனோடு, டி.என்.ஏ. சுற்றப்பட்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் நிகழும் வேதி மாற்றங்கள் சுற்றினை இறுக்கியும் தளர்த்தியும் மரபணுக்களின் வெளிப்பாட்டை மாற்றுகின்றன.

சூழல் இப்புள்ளிகளை இடவும் அழிக்கவும் கூடும் என்பதற்கு 2004இல் கனடாவில் வெளியான எலி ஆய்வு செவ்விய சான்று. குட்டிகளை மிகுதியாக நக்கிப் பேணிய தாயெலிகளின் குட்டிகளில், மன அழுத்த இயக்குநீரின் ஏற்பி மரபணுவில் மெத்திலேற்றம் குறைந்திருந்தது. அவை வளர்ந்தபின் அழுத்தத்தை எளிதில் தாங்கின. பேணுதல் குறைந்த தாய்க்குப் பிறந்த குட்டிகளை நன்கு பேணும் தாயிடம் வளர்த்தபோது அடையாளமும் மாறியது. 2009இல் அதே கனடாக் குழு, குழந்தைப் பருவத்தில் வன்கொடுமைக்கு உள்ளாகிப் பின் தற்கொலை செய்துகொண்டோரின் மூளைத் திசுவில் அதே மரபணுவின் மெத்திலேற்றம் மிகுந்திருப்பதைக் கண்டது.

பஞ்சமும் பேரிடரும்

1944–45 குளிர்காலத்தில் செருமானிய முற்றுகையால் நெதர்லாந்தில் கடும் பஞ்சம் நிலவியது. கருவுற்ற தொடக்க மாதங்களில் பஞ்சத்தில் சிக்கிய தாய்மாரின் பிள்ளைகளுக்கு மனச்சிதைவு இடர் ஏறத்தாழ இருமடங்கானது. 1959–61 சீனப் பஞ்சத்தை ஆராய்ந்த குழுக்களும் இதனை ஒத்த முடிவையே கண்டன. நெதர்லாந்துப் பஞ்சக் கருவினரிடம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வளர்ச்சி மரபணு ஒன்றில் மெத்திலேற்றம் குன்றியிருந்தது 2008இல் அறியப்பட்டது. இவ்விரண்டும் ஒரே நிகழ்வின் விளைவுகள். ஒன்றே மற்றொன்றுக்குக் காரணம் என்பது இன்னும் நிறுவப்படவில்லை.

1998இல் கனடாவின் கியூபெக் மாநிலத்தில் பனிப்புயலால் பல இலட்சம் வீடுகள் மின்சாரமின்றித் தவித்தன. அப்போது கருவிலிருந்தோரைப் பதின்மூன்றாம் வயதில் சோதித்தபோது, தாய்க்கு நேர்ந்த புற இன்னலின் அளவுக்கும் பிள்ளையின் குருதி உயிரணு மெத்திலேற்றத்துக்கும் தொடர்பு காணப்பட்டது. தாய் உணர்ந்த மனத்துயரின் அளவுடன் அத்தகைய தொடர்பு வெளிப்படவில்லை. சோதிக்கப்பட்டோர் எண்ணிக்கை சிறியது எனினும், 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையைக் கண்ட சோழமண்டலக் கடற்கரைக்கு இது பொருளுடைய செய்தி. பேரிடர்க் காலத்தில் கருவுற்ற பெண்களுக்கு உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகியவற்றை முதலில் உறுதிசெய்வது அடுத்த தலைமுறையின் நலத்தையும் காப்பதாகலாம்.

எச்சரிக்கைகள்

மேல்மரபியலின் பெயரால் மிகைக்கூற்றுகளும் பெருகிவருகின்றன. முன்னோர் பட்ட துன்பம் தலைமுறைகள் கடந்து மரபணுவில் பதிந்துவருகிறது என்பது அவற்றுள் ஒன்று. கருவிலுள்ள சிசு தாயின் சூழலை நேரடியாகவே எதிர்கொள்கிறது. அச்சிசுவின் கருமுட்டைகளும் அப்போதே உருவாகிவிடுகின்றன. ஆகவே பேரப்பிள்ளை வரையிலான விளைவை நேரடித் தாக்கமாகவே விளக்க முடியும். அதற்கப்பாலும் மெத்தில் அடையாளம் கடத்தப்படுவதற்கு மனிதரிடம் உறுதியான சான்றில்லை. கரு உருவாகும் தொடக்கத்தில் அவ்வடையாளங்களில் பெரும்பகுதி துடைக்கப்பட்டுவிடுகிறது.

முறையியல் இடையூறுகளும் உள. உயிருடன் இருப்போரின் மூளைத் திசு கிட்டாததால் பெரும்பாலான ஆய்வுகள் குருதியையும் உமிழ்நீரையும் சோதிக்கின்றன. குருதியின் புள்ளிகள் மூளையின் புள்ளிகளாக இருக்கவேண்டியதில்லை. புகைபிடித்தல் மெத்திலேற்றத்தைப் பெரிதும் மாற்றுவது. மனச்சிதைவுற்றோரிடம் அப்பழக்கம் மிகுதி. இருமுனைக் கோளாற்றுக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் மருந்தே ஹிஸ்டோன் அடையாளங்களை மாற்றவல்லது. எனவே காணப்படும் மாற்றம் நோயின் காரணமா, விளைவா, மருந்தின் தடமா எனப் பிரித்தறிதல் கடினம். மனநோயை முன்னறிவிப்பதாகக் கூறும் வணிக மரபணுச் சோதனைகள் திருமணப் பொருத்தத்துக்கோ நோய்க்கணிப்புக்கோ ஏற்றவையல்ல என்பது இவற்றால் பெறப்படும்.

சமூகப் பொருத்தம்

மரபியலின் மொழி, ஊழ் என்னும் பழைய எண்ணத்துக்குப் புதிய ஆடையாகிவிடும் ஆபத்து உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் நேர்ந்த தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 மனநோயாளர் உயிரிழந்தனர். நோயை மாற்றவியலாத ஒன்றாகக் கருதிக் கட்டிவைக்கும் மனப்பான்மையின் கொடிய விளைவு அது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இன்று சங்கிலியிடுதலைத் தடைசெய்கிறது.

இதற்கு எதிரான சான்றும் தமிழ்நாட்டிலேயே உண்டு. 1981இல் முதன்முறையாக மனச்சிதைவுக்கு ஆளான 90 பேரைச் சென்னையில் பதிவுசெய்து, மருத்துவர் இரா. தாராவும் அவர்தம் குழுவினரும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்தனர். பத்தாண்டுக்குப் பின் கணிசமானோர் நோய்க்குறிகள் தணிந்து, பணியும் குடும்பமும் கொண்டு வாழ்ந்தனர். அதே ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வு, நோயின் பொருட்டுக் கணவரால் கைவிடப்பட்ட பெண்களின் நிலையைப் பதிவுசெய்தது. அவர்களை நோயுடன் மணமுறிவின் இழுக்கும் வருத்தியது. குலக்குறை என்னும் எண்ணத்தின் சுமையைப் பெண்கள் கூடுதலாகத் தாங்குவதை இது காட்டுகிறது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம்கூட மணமக்களின் நோய்நிலையையும் அதன் கடுமையையும் பற்றியே பேசுகிறது. அவர்தம் உறவினரின் நோயைத் தடையாகச் சொல்லவில்லை. சட்டம் கேளாத கேள்வியைச் சமூகம் கேட்கிறது.

முடிவுரை

மனநோய் இடரில் மரபணுக்களுக்கு உறுதியான பங்குண்டு. ஆயின் அது பல நூறு மரபணுக்களின் சிறுசிறு பங்குகளால் ஆனது. நோயுற்றவரின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நோயின்றியே வாழ்கின்றனர். தமிழ்நாட்டு மக்களிடம் நிகழ்ந்த ஆய்வுகள் நியாசின் பாதை போன்ற புதிய தடங்களைத் திறந்துள்ளன. அவற்றைப் பெரிய மக்கள்தொகையில் மீண்டும் சோதித்தல் வேண்டும். சூழல் மரபணுவின் வெளிப்பாட்டை எவ்வாறு தொடுகிறது என்பதை மேல்மரபியல் விளக்கத் தொடங்கியுள்ளது. எனினும் நோயைக் கணிக்கும் கருவியாக அது இன்னும் முதிரவில்லை.

இவ்வறிவினால் ஒரு குடும்பம் இன்று செய்யத்தக்கவை தெளிவானவை. நெருங்கிய உறவினருக்கு மனச்சிதைவு இருப்பின், இளையோரிடம் உறக்கக் கேடு, ஒதுங்கியிருத்தல், காரணமற்ற ஐயம், படிப்பில் திடீர்ச் சரிவு ஆகியன நீடிக்கும்போது தாமதியாது மனநல மருத்துவரை நாட வேண்டும். வளரிளம்பருவத்தில் கஞ்சாவைத் தவிர்ப்பது அத்தகையோருக்கு மிகவும் இன்றியமையாதது. கருவுற்ற பெண்ணின் ஊட்டமும் மனஅமைதியும் பேணப்பட வேண்டும். குடும்ப நோய் வரலாறு மறைக்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லப்படும்போதுதான் இவை அனைத்தும் இயலும். மணப்பேச்சில் அவ்வரலாறு பழியாக எண்ணப்படும்வரை குடும்பங்கள் அதை மறைக்கவே செய்யும். அதனால் இழக்கப்படுவது சிகிச்சைக்குரிய காலமாகும்.